இரகனாவின் வரிசையில் நம் நெடுங்கணக்கு

திருவண்ணாமலைச் செங்கம் சாலையில் இரமணர் ஆசிரமத்தை நாடி வருவோருள் சப்பானியரும் உண்டு. அவர்களுள் ஓர் அம்மையார் தம் குறிப்பேட்டின் கடைசித் தாளில் எனக்காகச் சப்பானியரின் ‘இரகனா’ எழுத்துகள் ஐந்தை எழுதி, விரல் வைத்து ஒலித்துக் காட்டினார்: அ, இ, உ, எ, ஒ. தொல்காப்பியர் குறில்களை எண்ணிய அதே முறை! அதன்கீழ், மெய்யொலி வரிசைகளின் முதலெழுத்துகளை எழுதினார்: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் மெய்கள் பதினெட்டில், சப்பான் மொழி தனி வரிசை வகுக்காத ங, ஞ, ட, ண, ல, ழ, ள, ற, ன ஆகியவற்றை நீக்கினால் எஞ்சுவன க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. பகரம் நின்ற இடத்தில் அவர்கள் ஹகரம் வைத்திருக்கிறார்கள். மற்ற எட்டும் இடம் மாறவே இல்லை.

இவ்வொற்றுமைக்கு மொழியுறவைக் காரணம் காட்ட வேண்டியதில்லை. சப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று பல்லாண்டு வாதிட்டார். மொழியியலாருள் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உண்மைக் காரணம் வாய்க்குள் இருக்கிறது. தொண்டையருகே பிறக்கும் ககரத்தில் தொடங்கி, அண்ணம், பல், இதழ் என ஒலி பிறக்கும் இடம் முன்னேறி வரும் ஒழுங்கில் இந்நாட்டு ஒலிநூலார் எழுத்தை அடுக்கினர். பௌத்தத் துறவியர் வடமொழி மந்திரங்களோடு அவ்வொழுங்கையும் கடல் கடத்தினர். தென்னிந்தியரான போதிசேனர் 736இல் சப்பானை அடைந்தார். 752இல் நாரா நகரத் தோதாய்சிக் கோயிலின் பெரும்புத்தர் படிமத்துக்குக் கண்திறப்புச் சடங்கை நடத்தியவர் அவரே. கூக்காய் (774–835) என்னும் துறவி சீனத்தில் ‘சித்தம்’ என்ற இந்திய எழுத்தைக் கற்றுத் தாயகம் மீண்டார். அக்கல்வி மரபின் பயனாக, 11ஆம் நூற்றாண்டளவில் சப்பானிய ஒலி அட்டவணை உருப்பெற்றது.

வரிசை இந்தியாவினது, வடிவமோ சீனத்தினது. அமைதியைக் குறிக்கும் சீன எழுத்தை விரைந்து எழுதி எழுதி, கோடுகள் குழைந்து, அகரம் ஆயிற்று. இவ்வாறு பிறந்த இரகனாவை அரண்மனை மகளிர் பெரிதும் ஆண்டனர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி சிக்கிபு எழுதிய ‘கெஞ்சியின் கதை’ அவ்வெழுத்தில் மலர்ந்தது. ஓர் ஒலிக்குப் பல வடிவம் வழங்கிய நிலையை 1900இல் அரசு முடித்து, ஒலிக்கு ஒன்றே என வரையறுத்தது.

தொடக்கநிலைத் தமிழர் இடறும் இடம் ஒன்றுண்டு. நமக்கு ‘கி’யிலும் ‘கு’விலும் ககரம் கண்ணுக்குத் தெரியும். இரகனாவில் க, கி, கு மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று உருக்கள். ஆகவே 46 வடிவங்களையும் தனித்தனியே கைப்பழக்கமாக்க வேண்டும். சில எளியவை: ‘ஹெ’ இடப்புறம் சிறிதே ஏறி வலப்புறம் நீண்டு சரியும் ஒரே கோடு; மலையடியில் வாழும் பிள்ளைக்கு அது மறக்காது. ‘நு’வும் ‘மெ’யும் மயக்கும், கடைசியில் ஒரு சிறு சுழி இருந்தால் ‘நு’, இல்லாவிடில் ‘மெ’.

ஒலிகளில் மயக்கம் வந்தால் நம் பேச்சே விளக்கம் தரும். தகர வரிசையில் ‘தி’ இல்லை, ‘சி’ என்பதை அழுத்திச் சொல்லும் ‘ச்சி’ நிற்கிறது. ‘படித்தான்’ நம் வாயில் ‘படிச்சான்’ ஆவதும் இகரம் நாவை அண்ணத்துக்கு இழுப்பதால்தான்; நமக்கு இகரம் முன்னால் நின்று இழுக்கிறது, அவர்களுக்குப் பின்னால் நின்று இழுக்கிறது. பகரம் ஹகரமானதற்குப் பெங்களூரிலிருந்து கிரிவலம் வருவோரைக் கேட்டால் போதும்: நம் ‘பால்’ அவர்களுக்கு ‘ஹாலு’. பூவைக் குறிக்கும் சப்பானியச் சொல் ‘ஹன’ பழங்காலத்தில் ‘பன’வாக ஒலித்தது. அட்டவணை வகுத்தோர் அவ்வொலியை இதழொலியாக அறிந்ததால் பகரத்தின் இருக்கையில் வைத்தனர். ஒலி மாறியது, இருக்கை மாறவில்லை.

மாத்திரைக் கணக்கு நமக்குப் பெருந்துணை. ‘ஒபசன்’ என்றால் அத்தை. ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. நெடிலைக் காட்ட அவர்கள் ‘ப’வுக்குப் பின் ‘அ’வை மீண்டும் எழுதுகிறார்கள், நம் அளபெடை எழுதும் முறையே அது. ஈற்று ‘ன்’ மட்டும் நமக்கு அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை. ஒ-ப-ச-ன் நான்கு தட்டு.

அண்ணாமலையார் கோயிற் சுவரின் சோழர் காலக் கல்வெட்டைப் படிக்க முயன்றோர் அறிவர்: மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது, படிப்பவர்தாம் இடமறிந்து கொள்ள வேண்டும். அதுபோலவே, ககரத்தைக் கனத்த ஒலியாக்க இரகனாவின் வலத்தோளில் இன்று இடும் இரு சிறு கீற்றுகளும் பழஞ்சுவடிகளில் பெரும்பாலும் இல்லை. நொபொரு கராசிமா (1933–2015) சப்பானிலிருந்து வந்து நம் கல்வெட்டுகளைக் கற்றுச் சோழர் கால நிலவுடைமையை ஆராய்ந்தார். 2013இல் பத்மசிறீ பெற்றார். அவர் நம் எழுத்துக்கு அளித்த உழைப்பில் ஒரு சிறு பங்கையேனும் நாம் அவர் எழுத்துக்கு அளிக்கலாம்.

கற்க விரும்புவோர் உரோமன் எழுத்தின் வழியே செல்ல வேண்டா. அது நெடிலையும் குறிலையும் குழப்பும். தமிழ் நெடுங்கணக்கைப் பக்கத்தில் வைத்து, நாளுக்கொரு வரிசை எழுதுங்கள். முதல் நாள் அ, இ, உ, எ, ஒ. பத்தாம் நாள் வகர வரிசையும் தனித்து நிற்கும் ‘ன்’னும் முடிந்துவிடும்.