நாய்க்குட்டி சாப்பிடவில்லையா?

நேற்று வரை தட்டை நக்கிய குட்டி, இன்று சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது. வெயில் நாளில் ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பது உண்டு. அதற்குப் பயப்பட வேண்டாம். வாந்தியும் இரத்தப் பேதியும் சேர்ந்தால் பார்வோ நோயாக இருக்கலாம். ஓரிரு நாளில் குட்டி இறந்துவிடக்கூடும். உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

நிறையத் தின்றும் மெலிகிறதா? வயிறு மட்டும் உப்புகிறதா? குடலில் புழு இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு.

இன்னொன்றுதான் ஆபத்தானது. குட்டி சோற்றைத் தொடாது. கல்லையும் குச்சியையும் கடிக்கும். வாய் தொங்கும், எச்சில் ஒழுகும். தொண்டையில் எலும்பு சிக்கியது போலத் தோன்றும். பாசத்தில் விரலை உள்ளே விடாதீர்கள்! அது வெறிநோயாக இருக்கலாம். கிருமி எச்சிலில் இருக்கிறது. கையில் சிறு கீறல் இருந்தாலே போதும், உள்ளே போய்விடும். குட்டியைத் தொடாமல் அடைத்து வைத்து, கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எச்சில் பட்டுவிட்டதா? சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குட்டிதானே என்று இருந்துவிட்டு, நோய் கண்ட பிறகு போனால் காப்பாற்ற முடியாது.

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடலாம்.