உங்களுக்குத் தெரியுமா? - பைக்குள் அடங்கும் கம்ப்யூட்டர்

★ 1981-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்போர்ன் 1, 'எங்கும் எடுத்துச் செல்லலாம்' என்று சொல்லி விற்கப்பட்ட கம்ப்யூட்டர். எடை சுமார் 11 கிலோ! திரையோ 5 அங்குலம். உள்ளே பேட்டரி கிடையாது. தூக்கிக்கொண்டு போன இடத்தில் மூச்சு வாங்கியபடி பிளக் பாயின்ட் தேட வேண்டும்.

★ இரண்டே வருடத்தில் நிலைமை தலைகீழானது. 1983-ல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 நான்கு பென்சில் பேட்டரியில் சுமார் 20 மணி நேரம் ஓடியது. திரையில் எட்டே வரி. ஆனால் விரலுக்கு வசதியான முழு அளவு கீபோர்டு, உள்ளேயே மோடம். வெளியூர் போன நிருபர்கள் அதிலேயே செய்தியை அடித்து, டெலிபோன் வழியாக அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கான மென்பொருளில் கணிசமான பகுதியை எழுதியவர் பில் கேட்ஸ். சின்ன கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர் சிப்பின் பெயரைக் கேட்கும் முன் இந்தப் பழைய பெட்டியை நினைத்துக்கொள்வது நல்லது. அது ஜெயித்தது பேட்டரியாலும் கீபோர்டாலும்தான்.

★ 'டெர்மினேட்டர் 2' படத்தில் அந்தப் பையன் ஏடிஎம்மிலிருந்து பணத்தை உருவுவானே, அப்போது அவன் கையில் இருப்பது 1989-ல் வந்த அட்டாரி போர்ட்ஃபோலியோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர். நிஜத்தில் அதை வைத்து அப்படியெல்லாம் பணம் எடுக்க முடியாது, முயற்சி வேண்டாம்.

★ கீபோர்டில் ஒரு கட்டையின் நடுவிலிருந்து அடுத்த கட்டையின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர் இருந்தால் அது முழு அளவு. 1995-ல் ஐபிஎம் வெளியிட்ட திங்க்பேட் 701, இந்த அளவை விட்டுக்கொடுக்காமல் பெட்டியைச் சிறிதாக்கியது. கீபோர்டு இரண்டு துண்டு. மூடியைத் திறந்தால் இரண்டும் நகர்ந்து ஒன்றுசேர்ந்து, பெட்டிக்கு வெளியே இரு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். 'பட்டாம்பூச்சி' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

★ 2007-ல் ஆசூஸ் ஈ பிசி 701 வந்தது. 7 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, மலிவு விலை. 'நெட்புக்' மோகம் அதில்தான் கிளம்பியது. சேமிப்பு இடம் 4 ஜிபி! சிரிக்க வேண்டாம். இன்றைக்கும் 64 ஜிபி சேமிப்போடு விண்டோஸ் 11 போட்ட மலிவான மினி லேப்டாப்கள் விற்பனைக்கு வருகின்றன. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. உங்கள் ஃபோட்டோவை எங்கே வைப்பீர்கள்?

★ அந்த நெட்புக்குகள் பலவற்றில் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது.

★ விளம்பரத்தில் '650 கிராம்' என்று போட்டிருந்தால் அதில் சார்ஜர் சேர்த்தி இல்லை. பையில் நீங்கள் சுமக்கப்போவது இரண்டையும்தான். யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் மாடல் என்றால், எத்தனை வாட் வேண்டும் என்று பார்த்து, ஃபோனுக்கும் அதற்கும் பொதுவாக ஒரே சார்ஜராக வைத்துக்கொள்ளலாம். தனி முனை உள்ள சார்ஜரைப் பெட்டியோடு கொடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள். வெளியூரில் தொலைத்துவிட்டால் மாற்று கிடைப்பது பாடு.

★ பேட்டரியை 'எம்ஏஎச்' கணக்கில் ஒப்பிட்டால் ஏமாறுவோம். வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது வாட்-மணி. அதுதான் உண்மையான கொள்ளளவு. 3.7 வோல்ட்டில் 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி. பொதுவாக 100 வாட்-மணி வரையிலான பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில் வைத்துக் கொண்டுபோகலாம்.

★ மினி பிசி என்ற சதுரப் பெட்டி வேறு ஜாதி. 2024-ல் வந்த ஆப்பிள் மேக் மினி 12.7 சென்டிமீட்டர் சதுரம்தான். ஆன் செய்யும் பொத்தானைக்கூட அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஆனால் அதில் திரையும் இல்லை, பேட்டரியும் இல்லை. வீட்டில் ஒரு மானிட்டர், ஆபீஸில் ஒரு மானிட்டர் என்று இருப்பவருக்கு அருமையான பொருள். ரயிலில் வேலை பார்ப்பவருக்கு அது பேப்பர் வெயிட்.

★ 7 அங்குலத் திரையில் 1920 × 1200 புள்ளிகள் என்றால் கேட்க ஜோர். எழுத்து எறும்பாகத் தெரியும். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் 960 × 600-க்கான இடம்தான் மிஞ்சும். தமிழ் படிப்பவருக்குச் சங்கடம் கூடுதல். மேலே புள்ளி, கீழே 'கூ'வின் வளைவு என்று இரு பக்கமும் இடம் கேட்கும் எழுத்து நம்முடையது. புள்ளி மங்கினால் 'பட்டு' 'படடு' ஆகிவிடும்.

★ கடைசியாக, விமர்சனங்களில் அதிகம் கண்ணில் படாத ஒரு விஷயம். தமிழ்99 என்ற கீபோர்டு முறையில் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிக் கட்டைகளில் இருக்கின்றன. ந அரைப்புள்ளிக் கட்டையில், ய ஒற்றை மேற்கோள் கட்டையில், ழ சாய்கோட்டுக் கட்டையில். கீபோர்டைச் சுருக்கும்போது கம்பெனிக்காரர்கள் முதலில் கைவைப்பது இந்த வலது ஓரத்தில்தான். சிலது பாதி அளவாகும், சிலது வேறு வரிசைக்குப் போகும், சிலது எஃப்என் கட்டையோடு சேர்த்து அழுத்தினால்தான் வரும். ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு அது எப்போதோ தேவைப்படும் குறி. நமக்கோ வரிக்கு வரி வேண்டிய எழுத்து. ஆகவே கடையில் டெமோ மாடல் இருந்தால் பணம் கட்டும் முன் தமிழ்99-ஐப் போட்டு, 'நியாயமான சந்தை வாழ்க' என்று மூன்று முறை அடித்துப் பாருங்கள். மூன்றாவது முறையும் ழ-வைத் தேடினால், அந்த மாடல் உங்களுக்கு வேண்டாம்.