உங்களுக்குத் தெரியுமா? அழாத குழந்தைக்கும் புண் ஆழமாகலாம்

மரக்காணம் உப்பளங்களில் விளையும் அதே உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் குளோரினும், குழாய் அடைப்பு நீக்கப் பயன்படும் காஸ்டிக் சோடாவும் கிடைக்கும். ஆசிட் தோலில் பட்டால் பெரும்பாலும் உடனே எரியும். காஸ்டிக் சோடாவோ முதலில் வழுவழுப்பாகத்தான் தெரியும். தோலின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். ஆகவே அது மேலே பட்ட குழந்தை அழவில்லை என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது.

எலுமிச்சைச் சாறு விட்டால் காஸ்டிக் சோடா முறிந்துவிடாதா என்று கேட்கலாம். பாடப்புத்தகக் கணக்கில் சரிதான். ஆனால் அந்த வினையே சூட்டைக் கிளப்பும், பழத்தைத் தேடும் நேரத்தில் புண்ணும் ஆழமாகும். தூளாக இருந்தால் தட்டிவிட்டு, உடையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கவே வேண்டாம். வெந்த உணவுக்குழாய் இன்னொரு முறை வேகும். 108-ஐ அழையுங்கள், பாட்டிலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.