மாட்டுப்பட்டிக் கணக்கு – 6: கறக்கிற மெசினும் வராத மெக்கானிக்கும்

விடியற்காலை நாலரை மணி. மவுசாகலை நீர்த்தேக்கத்துப் பனி மேட்டு லயத்தின் தகரக் கூரைவரை ஏறிவிட்டிருந்தது. லயத்துக்குக் கீழே மாட்டுப்பட்டியில் ஒற்றை பல்ப் எரிந்துகொண்டிருந்தது. நான் பார்க்கப் போனது அந்தப் பட்டிக்கார அண்ணனின் பால் கறக்கும் மெசினை. அவரோ குந்தி உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே வாளியை இடுக்கிக்கொண்டு கையால் கறந்துகொண்டிருந்தார்.

"மெசின் எங்கண்ணே?"

"அந்தா, தூங்குது."

மூலையில் உரப்பையைப் போர்த்திக்கொண்டு நின்றது மெசின். சீட்டுக் காசை எடுத்து வாங்கியது. எட்டு மாதம் ஓடியதாம். பிறகு காம்பில் மாட்டும் கப் ஒன்றின் உள் ரப்பர் கிழிந்தது. அந்த அளவு ரப்பர் ஹட்டனில் இல்லை. கண்டியில் கிடைத்தது பொருந்தவில்லை. "விக்க வந்தப்ப ஒரு ஆளு கூடவே நின்னு காட்டிக் குடுத்தாரு. பொறகு போன் அடிச்சா எடுக்கவே இல்ல. ரெண்டு மாடு, பத்து வெரலு, அது போதும்னு விட்டுட்டேன்."

அவருடைய மகன் ஏ.எல். படிக்கிறான். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசியை என்னிடம் நீட்டினான். நெதர்லாந்தில் ஒரு கொட்டகை. மாடு தானாக நடந்து வருகிறது, ஒரு கூட்டுக்குள் நுழைகிறது, இரும்புக் கை ஒன்று வயிற்றுக்கடியில் நீண்டு காம்புகளைத் தேடிப் பிடிக்கிறது. மனிதர் ஒருவரும் இல்லை. "இது நம்ம பக்கம் சரிவருமா சேர்?" என்று கேட்டான். போன கிழமை தீவனக் கணக்கைப் பார்த்தோம். இந்தக் கிழமை தம்பியின் கேள்விதான் நமக்குப் பாடம்.

பாலை இயந்திரத்தால் உறிஞ்சும் யோசனை பழையது. ஸ்கொட்லாந்தின் கில்மார்னக் ஊரில் வில்லியம் மர்ச்லண்ட் என்பவர் 1889இல் காற்றை இழுத்துக் கறக்கும் கருவியைச் செய்தார். அது ஓயாமல் இழுத்ததால் காம்பு புண்ணானது. 1895இல் கிளாஸ்கோவின் அலெக்ஸாண்டர் ஷீல்ஸ், கன்று ஊட்டுவதைப்போல விட்டு விட்டு இழுக்கும் முறையைக் கொண்டுவந்தார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களுக்கு கிளன்டில்ட், ஸ்ட்ரத்ஸ்பே என்று தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்த அதே ஸ்கொட்லாந்துக்காரர்களின் வேலைதான் இதுவும். இன்றும் அம்பேவலப் பெரும் பண்ணையின் மெசினிலிருந்து அண்ணன் வீட்டு மூலை மெசின்வரை எல்லாம் அந்த விட்டு விட்டு இழுக்கும் வித்தையில்தான் ஓடுகின்றன. நிமிடத்துக்கு அறுபது தடவை அளவில் ரப்பர் சுருங்கி விரியும்.

ரோபோ என்பது இதற்கு மேலே ஒரு கையும் கண்ணும் வைத்த மெசின். 1992இல் நெதர்லாந்தின் லெலி கொம்பனி முதலாவதை விற்றது. மாட்டின் கழுத்துப் பட்டியில் இருக்கும் அடையாளத்தை வைத்து, 'இவளுக்குக் கறக்கும் நேரம் வந்துவிட்டதா' என்று மெசின் பார்க்கும். நேரம் வந்திருந்தால் தொட்டியில் தீவனம் கொட்டும்; தின்னும் ஆசையில்தான் மாடு உள்ளே வருகிறது. லேசர் ஒளியோ கெமராவோ காம்பைக் காட்ட, தூரிகை துடைக்க, நாலு கப்பும் ஒவ்வொன்றாக ஏறும். ஒரு காம்பில் பால் நின்றதும் அந்தக் கப் மட்டும் கழன்றுவிடும். கெட்ட பாலென்று பட்டால் வேறு குழாயில் திருப்பிவிடும். ஒரு கூடு சுமார் அறுபது மாடுகளைப் பார்த்துக்கொள்ளும்.

இனி விலை. ஒரு கூட்டுக்கு ஒன்றரை இலட்சம் டொலரென்று குறைத்தே வைப்போம். டொலர் 300 ரூபா என்றால் நாலரைக் கோடி. 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. வகுத்துப் பாருங்கள்: 33,333 நாள் பேர். மாதம் இருபத்தைந்து நாள் தவறாமல் பெரட்டுக்குப் போனாலும் 111 வருடம். கொள்ளுத் தாத்தா கொழுந்தெடுக்கத் தொடங்கியிருந்தால் கொள்ளுப் பேரன் ரோபோவைப் பார்க்கலாம்.

தம்பி இதைக் கேட்டுச் சிரித்தான். "விலைய விடுங்க சேர். யாராவது சும்மா குடுத்தாங்கன்னு வைங்க?"

நல்ல கேள்வி. சும்மா கிடைத்த யானைக்கும் தீனி போட வேண்டும்.

ரோபோவின் தினச் செலவை அதன் ரப்பரிலிருந்தே பார்க்கலாம். காம்பைப் பிடிக்கும் உள் ரப்பரைச் சுமார் 2,500 கறவைக்கு ஒரு முறை மாற்ற வேண்டுமென்பது பண்ணைக்காரர்கள் பின்பற்றும் பொதுக் கணக்கு. அறுபது மாடு, நாளைக்கு இரண்டரைத் தடவை வீதம் 150 கறவை. பதினாறு பதினேழு நாளில் ஒரு செட் ரப்பர் முடிந்துபோகும். சிலிக்கோன் போட்டால் கூடுதல் நாள் வரும், விலையும் கூடும். இதோடு காற்றமுக்கி, பால் குழாய், தூரிகை, கேபிள், கழுவும் மருந்து. மாடு உதைத்தால் குழாய் கிழியும். கண்ணாடியில் சாணி தெறித்தால் கைக்குக் காம்பு தெரியாது. நள்ளிரவில் அப்படி நின்றுவிட்டால் சொந்தக்காரரின் தொலைபேசி அலறும். ரோபோ ஓடும் நாடுகளில் ஒரு கூட்டுக்கு வருடச் சேவை ஒப்பந்தமும் உதிரிப்பாகமுமாக ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் டொலர்வரை போகிறது. அந்தப் பணம் இரும்புக்கு மட்டும் போவதில்லை. இரவு இரண்டு மணிக்கும் வண்டியெடுத்து வரும் மெக்கானிக்குக்குத்தான் பெரும்பங்கு. ரோபோவின் நம்பகம் அந்த மெக்கானிக்கின் வீடு எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

அடுத்தது கரண்ட். மஸ்கெலியாக்காரருக்கு இதில் ஒரு தனி வயிற்றெரிச்சல் உண்டு. 1969இல் மவுசாகலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலின் மிச்சம் இன்றும் தலைகாட்டும். அந்தத் தண்ணீர்தான் கெனியன், புதிய லக்சபான, பொல்பிட்டிய என்று மின்நிலையம் மின்நிலையமாக இறங்கி நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. ஆனால் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு வந்தபோது, அணைக்கு மேலே இருந்த லயங்களும் இருட்டில்தான் கிடந்தன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு இலங்கைக்கும் கரண்ட் போனது. அதே வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயலில் நுவரெலியா மாவட்டத்து மலைகள் சரிந்து பாதைகள் மூடின; அப்படியான நாளில் மெக்கானிக்கும் வரமுடியாது.

மாட்டின் மடிக்கு மின்வெட்டு தெரியாது. நேரத்துக்குக் கறக்காவிட்டால் பால் கட்டும், மடி வீங்கும், பிறகு மடிநோய். அறுபது மாடு வரிசையில் நிற்க ரோபோ படுத்துக்கொண்டால், கையால் கறக்கத் தெரிந்த ஆள் அந்தக் கொட்டகையில் இருக்கமாட்டார். ஜெனரேட்டர் இல்லாமல் ரோபோ இல்லை. டீசல் இல்லாமல் ஜெனரேட்டர் இல்லை. 2022இல் டீசலுக்கு எத்தனை நாள் வரிசையில் நின்றோமென்று யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

பராமரிப்பை யோசிக்காமல் பொருளை மட்டும் இறக்கிய அனுபவம் நமக்குப் புதிதல்ல. 2017இல் அவுஸ்திரேலியா, நியூஸிலாந்திலிருந்து 20,000 மாடு கொண்டுவரும் திட்டத்தில் முதல் 5,000 வந்தன. கடன் பட்டு வாங்கிய பண்ணையாளர்கள் பலர், மாடுகள் நோய்ப்பட்டுச் செத்தன, சொன்ன அளவு பால் வரவில்லை என்று முறையிட்டார்கள்.

ஆகவே தம்பி, ரோபோவை இப்போதைக்கு நெதர்லாந்திலேயே விட்டுவிடுவோம். உரப்பைக்குள் தூங்கும் மெசினுக்கு வருவோம். அதன் கணக்குதான் நம் கணக்கு.

நான் உரப்பையை விலக்கி, கிழியாத கப்பொன்றுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருக்க வேண்டிய ரப்பர், காய்ந்த சேற்று வயல்போல வெடித்திருந்தது. அந்த வெடிப்பு ஒவ்வொன்றிலும் பால் கொழுப்பும் கிருமியும் குடியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. "கிழியலதானே" என்றார் அண்ணன். கிழிவதற்கு வெகு நாள் முன்னரே ரப்பர் செத்துவிடும்.

இங்கேதான் ஏழைக்கு ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. இரண்டு மாடு, காலையும் மாலையும், நாளைக்கு நாலு கறவை. 2,500 கறவைக்கு 625 நாள் ஆகும். ஆனால் ரப்பர் அத்தனை நாள் காத்திருக்காது. கொழுப்பும் சுடுநீரும் சோப்பும் பட்டு ஆறு மாதத்தில் பழுதாகிவிடும். ஆறு மாதத்தில் 720 கறவைதான். பெரிய பண்ணை 2,500 கறவை எடுக்கும் அதே செட்டில் நாம் 720 எடுக்கிறோம். ஒரு கறவைக்கு விழும் ரப்பர் செலவு நமக்கு ஏறக்குறைய மூன்றரை மடங்கு!

கரண்ட் பில்லிலும் இதே கதை. ஒரு குதிரைவலு மோட்டர், காலையும் மாலையுமாக ஒரு மணிநேரம் ஓடினால் மாதத்துக்கு இருபத்திரண்டு அலகு அளவில் வரும். அது தனியாகப் பெரிய தொகையல்ல. ஆனால் வீட்டுப் பாவனை 60 அலகைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். நாற்பத்தைந்து அலகு எரிக்கும் லயத்து வீடு மெசினை வைத்ததும் 67க்குப் போகும். அப்போது மெசினின் அலகுக்கு மட்டுமல்ல, வீட்டு பல்ப் எரிந்த அலகுக்கும் கூடிய விலை. 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியபோது இது நன்றாகவே சுட்டது. பிறகு குறைத்தார்கள், 2025இல் மறுபடி கூட்டினார்கள். பால் விலையோ அதோடு சேர்ந்து ஏறி இறங்குவதில்லை.

மலையும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கடலோரத்தைவிட நாலாயிரம் அடி உயரத்தில் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு அளவு குறைவு. கொழும்பில் ஓட்டிக் காட்டிய சின்னப் பம்ப் இங்கே திணறும். வேக்குவம் போதாவிட்டால் கப் வழுக்கி விழும்; விழுந்த கப் சாணியை உறிஞ்சும். அதைச் சரிக்கட்ட வேக்குவத்தை முடுக்கினால் காம்பு நுனி தடித்துப் போகும். மெசினை வாங்கும்போது நம் உயரத்துக்குப் போதுமான பம்பா என்று கேட்பவர் குறைவு. தெரிந்து சொல்லும் கடைக்காரர் அதிலும் குறைவு.

கழுவும் வேலையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு மருந்து போட்ட சுடுநீர், கடைசியில் நல்ல தண்ணீர். எடுத்தவுடன் கொதிநீர் ஊற்றினால் பால் புரதம் குழாயில் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரென்றால் கொழுப்பு உறையும். இரண்டு வேளையும் மிலாறு அடுப்பில் தண்ணீர் சுட வைப்பது யார்? பெரும்பாலும் வீட்டம்மா. கறக்கும் நேரத்தில் மெசின் மிச்சம் பிடித்த பத்து நிமிடத்தை அடுப்படியில் அவர் திருப்பிக் கட்டுகிறார்.

அப்படியானால் கைக்கறவைதான் நல்லதா? அதையும் நேர்மையாகப் பார்ப்போம். கையும் தேயும் மெசின்தான். அண்ணனின் வலக்கைப் பெருவிரல் மடங்கும்போது மூட்டில் சத்தம் கேட்கிறது. பெருவிரல் மடித்து இழுத்துக் கறந்தால் காம்பும் நோகும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் கறக்க வீட்டில் ஆளில்லை. மகன் கொழும்புக்குப் போய்விட்டால் அடுத்த தலைமுறையில் அந்தப் பத்து விரலும் இல்லை. மெசின் வேண்டாமென்பது என் கட்சியல்ல. ஒரு லயத்து வீடு தனியாகச் சுமக்க முடியாத மெசின் அது என்பதுதான் நான் சொல்ல வருவது.

பல தோட்டங்களில் மாட்டுப்பட்டிகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. ஏழு வீட்டுப் பதினைந்து மாட்டுக்கு ஒரு பம்ப், ஒரே குழாய் வரிசை, ஒரு தனி மீற்றர். மூன்று செட் கப் வைத்தால் செட் ஒன்று நாளைக்குப் பத்துக் கறவை செய்யும். ஆறு மாதத்தில் 1,800. மூன்றரை மடங்கென்று சொன்ன ரப்பர் செலவு ஒன்றரை மடங்குக்குக் கீழே வந்துவிடும். ஆபத்தும் உண்டு: ஒரு மாட்டின் மடிநோய் கப் வழியாக மற்ற மாட்டுக்குப் போகும். ஒவ்வொரு மாட்டையும் முன்பால் பீய்ச்சிப் பார்த்துக் கறக்க வேண்டும். நோய்ப்பட்டதைக் கடைசியில், கையால் கறக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்ய, ஒரு டிவிசனுக்கு ஒருவராவது முறையாகப் பழகியிருக்க வேண்டும். ஏ.எல். முடித்துவிட்டுக் கொழும்பு பஸ்ஸைப் பார்த்து நிற்கும் பிள்ளைகளில் ஒருவரே அந்த மெக்கானிக்காக இருக்கலாம். பால் சேகரிக்கும் கொம்பனிகளும், தோட்ட நிர்வாகங்களும், தொழிற்சங்கங்களும் கடனுக்கு மெசின் கொடுப்பதற்கு முன் கொடுக்க வேண்டியது இந்தப் பயிற்சியைத்தான்.

மெசின் வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடையில் மெசினைப் பார்க்காதீர்கள். முதலில் அதன் ரப்பரைக் கேளுங்கள். இரண்டு செட் கையோடு தரச் சொல்லுங்கள். பழுதானால் மஸ்கெலியாவுக்கு வரக்கூடிய ஆளின் இலக்கத்தை வாங்கி, காசு கொடுப்பதற்கு முன் அங்கேயே அடித்துப் பாருங்கள். எடுக்காவிட்டால், காசை மடியில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்ஸில் வீடு திரும்புங்கள்.

(அடுத்த கிழமை: பால் வண்டியும் பால்மானியும்)