ஜாக்கெட்டில் உள்ள எண்ணைப் படித்துவிட்டுப் படகில் ஏறுங்கள்

படகுத்துறையில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததும், மூலையில் குவித்துப் போட்டிருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகளில் கைக்கு வந்ததை எடுத்து நீட்டுவார்கள். முந்தைய சவாரிக்காரரின் வியர்வை நாற்றம் போகாத, ஈரம் காயாத ஜாக்கெட். முகம் சுளித்தபடி கழுத்தில் மாட்டுகிறோம். பக்கிள் உடைந்திருந்தால் நாடாவை முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம். படகு கரையை விட்டு நகர்ந்ததும் பலர் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வதையும் பார்க்கலாம். ஜாக்கெட் இருக்கிறதா என்ற கேள்வியோடு நம் எச்சரிக்கை முடிந்துவிடுகிறது. அது எத்தனை கிலோவைத் தூக்கும், யாருக்காகத் தைத்தது, எத்தனை வருடம் வெயிலில் கிடந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. தண்ணீரில் விழுந்தபின் உயிரைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான்.

“நான் எண்பது கிலோ. இந்தச் சின்ன ஜாக்கெட் என்னைத் தாங்குமா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதிலும் எளிது. தண்ணீருக்குள் நம் உடல் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமான விசை நம்மை மேலே தள்ளுகிறது. மனித உடலின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தியேதான். நுரையீரல் நிறைய மூச்சை இழுத்தால் மட்டுமட்டாக மிதப்போம், விட்டால் மெல்ல அமிழ்வோம். ஆகவே எண்பது கிலோவையும் ஜாக்கெட் சுமக்க வேண்டியதில்லை. நீருக்கு மேலே நிற்க வேண்டிய தலைக்குத்தான் கூடுதல் தாங்கல் தேவை. பெரும்பாலான பெரியவர்களுக்கு அது 3 முதல் 5 கிலோவுக்குள் அடங்கும். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது என்பதால், பருமனானவரைவிட ஒல்லியாக, தசை இறுகிய உடம்புக்காரருக்கே இந்தத் தாங்கல் அதிகம் வேண்டும்.

இந்தத் தூக்கும் விசையை நியூட்டன் கணக்கில் ஜாக்கெட்டின் உட்புறத் துணி லேபிளில் அச்சிட்டிருப்பார்கள். பத்து நியூட்டன் என்றால் சுமார் ஒரு கிலோ. ஐ.எஸ்.ஓ. 12402 என்ற சர்வதேசத் தரம் 50, 100, 150, 275 என்று நான்கு படிகளை வகுத்திருக்கிறது. இவை நல்ல உடல்வாகுள்ள பெரியவருக்கான எண்கள், எடை குறைந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதற்கேற்பக் குறையும்.

50 நியூட்டன் ஐந்து கிலோவைத் தூக்கும். கணக்குப்படி போதும்போலத் தெரியும், ஆனால் போதாது. அது நீச்சல் தெரிந்தவர், சுயநினைவோடு, கரைக்குப் பக்கத்தில், உதவிக்கு ஆள் இருக்கும் இடத்தில் அணிவதற்கானது. தலையில் அடிபட்டு மயங்கிக் குப்புற விழுந்தவரை அது மல்லாக்கத் திருப்பாது, மிதக்க வைத்தபடியே முகத்தை நீருக்குள் வைத்திருக்கும். 100 நியூட்டனிலிருந்துதான் உண்மையான லைஃப் ஜாக்கெட் தொடங்குகிறது. மார்புப் பக்கமும் கழுத்துப் பட்டையிலும் நுரை கூடுதலாக வைத்து, மயங்கியவரைப் புரட்டி முகத்தை வானம் பார்க்க வைக்கும்படி அதை வடிவமைக்கிறார்கள். அமைதியான ஏரி, காயலுக்கு அது போதும். ஆழ்கடலுக்கு 150. கனத்த உடை, கருவிகளோடு கொந்தளிக்கும் கடலில் வேலை செய்பவர்களுக்கு 275. பெருங்கப்பல்களுக்கான சர்வதேச விதி இன்னும் கறாரானது. மிதப்பவரின் வாய் நீர்மட்டத்துக்கு மேல் 12 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், ஒரு நாள் முழுக்க நீரில் கிடந்தாலும் ஜாக்கெட்டின் மிதப்புத்திறன் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறையக் கூடாது என்கிறது.

நீச்சல் தெரியாதவர்தான் நம்மூர்ப் படகுகளில் அதிகம். அவர்களுக்கு 50 நியூட்டன் ஜாக்கெட்டை மாட்டிவிடுவது தவறு என்று அழுத்தமாகவே சொல்கிறேன். ஒகேனக்கல் மாதிரி இடங்களில் இன்னும் மோசம். அருவி விழுந்து நுரைத்துச் சுழலும் நீரில் காற்றுக் குமிழிகள் கலந்திருக்கும். அந்த நீர் லேசானது, ஆளையும் ஜாக்கெட்டையும் வழக்கம்போல் தூக்காது. பரிசலில் ஏறுபவருக்குக் கூடுதல் மிதப்புத்திறன் வேண்டும் என்பதற்கு அது ஒன்றே காரணம் போதும்.

லேபிளே இல்லாத ஜாக்கெட்டுகள்தான் பல இடங்களில் புழங்குகின்றன. உள்ளே இருக்க வேண்டியது நீரை உறிஞ்சாத, மூடிய குமிழிகள் கொண்ட நுரை. மலிவுச் சரக்கில் சாதாரண ஸ்பாஞ்சோ தெர்மாகோல் துண்டுகளோ இருக்கலாம். படகு வைத்திருப்பவர்களும் வாங்கப்போகிறவர்களும் இதைக் கண்டுபிடிக்கக் கடைத்தெருவில் கிடைக்கும் எடைக்கல்லே போதும். பத்து கிலோ இரும்புக்கல் தண்ணீருக்குள் தன் எடையில் ஒரு பகுதியை இழந்து சுமார் எட்டரை கிலோ விசையோடு கீழே இழுக்கும். 100 நியூட்டன் என்று போட்டிருக்கும் ஜாக்கெட்டில் அந்தக் கல்லைக் கட்டி ஆழமான தொட்டியில் விட்டால் அது மூழ்கக் கூடாது. ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். மூழ்கியிருந்தால் அந்த ஜாக்கெட்டைக் குப்பையில் போட வேண்டியதுதான், தையல் பிரித்துத் துணியைக்கூடத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். மயக்கத்தில் திருப்புமா, வாயை உயர்த்துமா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்குச் சான்றளித்த லேபிள்தான் வழி.

நல்ல ஜாக்கெட்டும் கெட்டுப்போகும். ஒரு காலத்தில் இவற்றுக்குள் நம் போடி, தேனிப் பக்கத்துக்காரர்கள் நன்கறிந்த இலவம்பஞ்சையும் அடைத்தார்கள். இழைமேல் இருக்கும் மெழுகுப் பூச்சால் அது நீரை ஒட்டவிடாது. மேலே உட்கார்ந்து நசுக்கினாலோ எண்ணெய் பட்டாலோ அந்தக் குணம் போய்விடும். இன்றைய நுரைக்கும் நசுங்குதல், எண்ணெய், வெயில் மூன்றும் எதிரிகள். ஜாக்கெட்டைத் திண்டாகப் போட்டு உட்காரும் பழக்கம் அதைக் கொல்கிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றால், துணி வெளுத்து நகத்தால் கீறியதும் கிழிந்தால், அதன் ஆயுள் முடிந்தது. 1904 ஜூன் 15 அன்று நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில் ஜெனரல் ஸ்லோகம் என்ற சுற்றுலாக் கப்பல் தீப்பிடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கப்பலில் ஜாக்கெட்டுகள் நிறையவே இருந்தன. வருடக்கணக்கில் தொங்கிக் கிடந்ததில் உள்ளிருந்த தக்கை பொடியாகிப்போயிருந்தது.

அளவு சரியில்லாவிட்டால் 150 நியூட்டனும் வீண். நாடாக்களை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரு கைகளையும் தூக்குங்கள். பக்கத்தில் இருப்பவர் தோள் பகுதியைப் பிடித்து மேலே இழுக்கட்டும். ஜாக்கெட் முகவாயைத் தாண்டி ஏறினால் அது தண்ணீரில் உங்களை விட்டுவிட்டு மேலே போய்விடும். கால்களுக்கு இடையே போகும் கவட்டுப் பட்டை இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. புடவை, பாவாடை உடுத்திய பெண்களுக்கு அதை மாட்டச் சங்கடம், மாட்டாமலே விட்டுவிடுகிறார்கள். படகில் போகும் நாளில் சுடிதாரோ பேன்டோ உடுத்துவது அதற்காகவாவது நல்லது. குழந்தைகளுக்கு இந்தப் பட்டையும், தலைக்குப் பின்னால் நுரைக் கழுத்துப் பட்டையும், பிடித்துத் தூக்கும் வளையமும் கட்டாயம் வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டுவது போடாததற்குச் சமம், கைகளைத் தூக்கியதும் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். லேபிளில் எடை வரம்பு இருக்கும், வயதைப் பார்க்காமல் அதைப் பாருங்கள்.

மீன்பிடித் தொழிலாளர்கள் சொல்லும் தடை வேறு. தடித்த நுரை ஜாக்கெட்டோடு வலை இழுக்க முடியாது என்கிறார்கள், அது உண்மைதான். காற்று நிரப்பிக்கொள்ளும் வகை அவர்களுக்குப் பொருந்தும். ஒல்லியான பட்டையாகக் கழுத்தில் கிடந்து, தண்ணீர் பட்டதும் அல்லது கயிற்றை இழுத்ததும் சிறு உருளையிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பாய்ந்து 150 நியூட்டன் வரை ஊதிக்கொள்ளும். உருளை ஒருமுறைதான் வேலை செய்யும். மறையில் இறுக்கமாக இருக்கிறதா, ஏற்கெனவே துளைபட்டதா என்று கடலுக்குப் போகுமுன் பார்த்தே ஆக வேண்டும்.

மூடிய அறை கொண்ட படகில் இன்னொரு ஆபத்து உண்டு. படகு கவிழ்ந்தால், உள்ளே இருப்பவரை ஜாக்கெட் மேல்பக்கம் தள்ளி அழுத்தி வைக்கும், குனிந்து வாசலைக் கடக்க விடாது. 1996 நவம்பர் 23 அன்று கொமொரோஸ் தீவுகள் அருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில், உள்ளேயே ஜாக்கெட்டை ஊதிவிட்ட பயணிகள் பலர் வெளியேற முடியாமல் இறந்தார்கள். ஆகவே ஜாக்கெட் அணிந்து திறந்த மேல்தளத்திலோ வாசலருகிலோ இருங்கள், கீழ்த்தள அறைக்குள் போய் உட்காராதீர்கள்.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேர், மலப்புரம் தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர், வடோதராவின் ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18 அன்று 12 பள்ளிப் பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் படகு கவிழ்ந்து இறந்தார்கள். ஹர்ணியில் படகில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜாக்கெட் தரப்படவில்லை. இதைத் தட்டிக்கேட்க நமக்குச் சட்டம் இருக்கிறது. உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021, இயந்திரப் படகுகளுக்குச் சோதனையும் பதிவும் உயிர்காப்புச் சாதனங்களும் தேவை என்கிறது. சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பாதுகாப்பற்ற படகிலோ அளவுக்கு மீறி ஆள் ஏற்றியோ கூலிக்கு ஓட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 284-ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. அலட்சியத்தால் உயிர் போனால் 106-ஆம் பிரிவு. “விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற பலகை இந்தக் குற்றங்களிலிருந்து யாரையும் விடுவிக்காது.

டிக்கெட் வாங்கியவர் நுகர்வோர். உடைந்த பக்கிள், அளவில்லாத ஜாக்கெட், ஏற மறுத்தவரின் பணத்தைத் திருப்பித் தராதது எல்லாம் சேவைக் குறைபாடு. டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள், படகின் பதிவெண்ணையும் ஜாக்கெட் லேபிளையும் போனில் படமெடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். போலி ஜாக்கெட் விற்றவர்மீதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்புப் பிரிவுகளின்கீழ் இழப்பீடு கேட்கலாம். படகு ஆபத்தில் இருப்பதைக் கண்ணால் கண்டால் 112, கடலில் என்றால் கடலோரக் காவல்படையின் 1554.

பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெற்றோர் கையெழுத்துக் கேட்டு ஒரு தாள் வரும். படகுச் சவாரி உண்டா, பிள்ளைகளின் எடைக்கேற்ற ஜாக்கெட் எத்தனை, கட்டிவிட்டுச் சரிபார்ப்பது யார் என்று அதே தாளின் பின்பக்கம் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வந்தபின் கையெழுத்துப் போடுங்கள்.