வானொலிப் பொழுதுபோக்கு இன்றும் வேண்டுமா?

உள்ளங்கையில் அடங்கும் தொலைபேசி ஒன்றிருந்தால், இலண்டனிலுள்ள மகனுடன் முகம் பார்த்துப் பேசலாம். பல நாட்டு நிலையங்களை இரைச்சலின்றிக் கேட்கலாம். அவ்வாறிருக்க, ஒருவர் இரவில் விழித்திருந்து, சிற்றலைப் பெட்டியின் குமிழை மயிரிழை அளவாகத் திருப்பி, கரகரப்புக்கிடையே ஒரு மெல்லிய குரலைத் தேடுவது எதற்காக? கூரைக்கு மேலே கம்பி கட்டி, பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் பெற்று, முன்பின் அறியாத ஒருவருடன் பேச முயல்வது எதற்காக? இக்கேள்வி நியாயமானதே. விடை காணுமுன் இப்பொழுதுபோக்கின் இயல்பை அறிதல் வேண்டும்.

வானொலியைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் இரு திறத்தினர். தொலைதூர நிலையங்களைத் தேடிக் கேட்டு, கேட்ட நேரத்தையும் ஒலியின் தெளிவையும் குறித்து அந்நிலையங்களுக்கு எழுதி, அவை அனுப்பும் சான்று அட்டைகளைச் சேர்த்து வைப்போர் ஒரு திறத்தினர். அரசின் அனுமதி பெற்று, தம் வீட்டிலேயே சிறு ஒலிபரப்புக் கருவி அமைத்து, வாய்மொழியாலோ மோர்ஸ் சங்கேதத்தாலோ பிறருடன் உரையாடுவோர் மறு திறத்தினர். இவர்களை அமெச்சூர் வானொலியாளர் என்பர். இவர்கள் இதனால் பொருளீட்டுதல் ஆகாது. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. 'நான்கு எஸ் ஏழு' எனத் தொடங்கும் குறியைக் கேட்டதும், பேசுபவர் இலங்கையிலிருந்து பேசுகிறார் என்பதை உலகின் எம்மூலையிலுள்ள அமெச்சூர் வானொலியாளரும் அறிவர்.

செய்தி கேட்பதொன்றே நோக்கமாயின், சிற்றலையின் பொற்காலம் கழிந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1941ஆம் ஆண்டு தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு, 2017 ஏப்பிரல் 30ஆந் தேதியுடன் சிற்றலையில் ஓய்ந்தது. அவ்வாண்டு சனவரியில் அவுஸ்திரேலிய வானொலியும் சிற்றலையைக் கைவிட்டது. எனினும், 2022 மார்ச்சில் உக்ரேனில் போர் மூண்டிருந்தபோது, அதே பி.பி.சி. அந்நாட்டுக்கென நாள்தோறும் நான்கு மணி நேரம் சிற்றலையில் ஆங்கிலச் செய்தி ஒலிபரப்பலாயிற்று. இணையம் அறுந்தாலும் வானம் அறுவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

அது எங்ஙனம்? கைத்தொலைபேசியில் பேசும் இருவருக்கிடையே கோபுரங்களும், கடலடிக் கம்பிகளும், பல கம்பனிகளின் இயந்திரங்களும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் பேச்சு தடைப்படலாம். சிற்றலையில் பேசும் இருவருக்கிடையே இருப்பது அயனமண்டலம் ஒன்றே. தரையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றருக்கு மேலே, சூரியனின் கதிர்கள் காற்றணுக்களைத் தாக்குவதால் உண்டாகும் மின்னேற்றமுள்ள படைகளே அயனமண்டலமாகும். சிற்றலை அப்படைகளிற் பட்டு மீண்டும் தரைக்கு வளைகிறது. தரையிற் பட்டு மறுபடியும் மேலே செல்கிறது. இவ்வாறு தாவித் தாவிக் கடல்களைக் கடக்கிறது.

அப்படைகள் நிலையானவை அல்ல. 7 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் பகலில் அயலூர்க் குரல்களே பெரும்பாலும் கேட்கும். இருள் சூழ்ந்தபின் வேறு கண்டங்களின் குரல்கள் வந்து சேரும். 28 மெகாஹேர்ட்ஸ் பெரும்பாலும் பகலில் திறந்து, இரவில் அடங்கும். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதற்கேற்ப, தொலைத்தொடர்பும் செழித்துத் தளரும். ஆகவே, வாங்கியின் முன்னே நாள்தோறும் அமர்பவர் தம்மையறியாமலே சூரியனின் நாடித்துடிப்பைக் கேட்கிறார். புத்தகத்திற் படிக்கும் பாடம் அவருக்குக் காதிலே விழுகிறது.

இவ்வறிவை உலகுக்கு ஈட்டித் தந்ததிலும் பொழுதுபோக்கினருக்குப் பங்குண்டு. 1912ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, 200 மீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அலைகளுக்குள் இவர்களை ஒதுக்கியது. அவ்வலைகள் பயனற்றவை என அந்நாளில் எண்ணப்பட்டன. ஒதுக்கப்பட்டோர் சோரவில்லை. 1923 நொவெம்பரில் பிரான்சிலிருந்த லெயோன் டெலோய் என்னும் அமெச்சூர் வானொலியாளர், சுமார் 110 மீற்றர் அலையில் அமெரிக்க அன்பர்களுடன் அத்திலாந்திக் கடலைத் தாண்டி உரையாடினார். உதறித் தள்ளிய நிலமே விளைநிலமாயிற்று.

இலங்கை வானொலியின் வரலாற்றிலும் இத்தகைய ஆர்வத்துக்கு இடமுண்டு. தந்தித் திணைக்களப் பொறியியலாளரான எட்வேட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அமைத்த கருவியாற் சோதனை ஒலிபரப்புகளை நடத்தினார். வானொலி அன்பர்களைச் சேர்த்துக் கழகமொன்றையும் நிறுவினார். 1925 டிசெம்பர் 16ஆந் தேதி கொழும்பில் முறையான ஒலிபரப்பு தொடங்கியது.

இவையெல்லாம் பழங்கதை என்பார்க்கு 2004 டிசெம்பர் 26ஆந் தேதி விடை பகரும். அந்தமான் தீவுகளிலிருந்து உலகத்தாருடன் பேசுவதற்காக, பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் அமெச்சூர் குழுவொன்று அம்மாதம் போட் பிளேயரில் முகாமிட்டிருந்தது. ஆழிப்பேரலை வந்து தொலைபேசிகள் ஊமையானபோது, அக்குழுவினர் விளையாட்டை விட்டு, உற்றாரைத் தேடித் தவித்தோரின் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பினர். இலங்கையிலும் வானொலிச் சங்கத்து அன்பர்கள் அழிவுற்ற அம்பாந்தோட்டைக்குச் சென்று கொழும்புடன் சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினர். அவர்கள் கையில் இருந்தவை சிறு கருவியும், மின்கலமும், கம்பியுமே. ஆனால், எந்நேரத்தில் எவ்வலை எவ்வளவு தூரம் செல்லும் என்னும் அறிவு பல்லாண்டுப் பழக்கத்தால் வந்தது. பேரிடர் நேர்ந்தபின் கருவியை விலைக்கு வாங்கலாம். அவ்வறிவை வாங்க இயலாது.

இன்று இடையூறுகளும் உள. மின்விளக்குகளும் தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவிகளும் எழுப்பும் இரைச்சல், நகரத்து வீடுகளிற் சிற்றலையை மூழ்கடிக்கிறது. அதற்கு அஞ்சி விலகாது, மின்கலத்தில் இயங்கும் பெட்டியுடன் வயல்வெளிக்கோ கடற்கரைக்கோ செல்வோர் நற்பயன் பெறுகின்றனர். இணையமும் இதற்குப் பகையன்று. நெதர்லாந்தின் துவென்ரே பல்கலைக்கழகத்திலுள்ள வாங்கியை எந்நாட்டவரும் இணையவழி இயக்கிச் சிற்றலையைக் கேட்கலாம். 2018ஆம் ஆண்டு ஏவப்பட்ட கட்டார் நாட்டுச் செய்மதியொன்று அமெச்சூர்களின் குரலையும் ஏந்திச் செல்கிறது.

புதியவர் பெருஞ்செலவு செய்யவேண்டியதில்லை. ஒரு சிற்றலைப் பெட்டியும், சில யார் நீளமான கம்பியும், ஒரு குறிப்பேடும் போதும். இப்பொழுதுபோக்கு இன்றும் வேண்டுமா என்னும் கேள்விக்கு விடை, பொழுது நல்லபடியாகக் கழியும் நாளிற் புலப்படுவதில்லை. கோபுரங்கள் சாய்ந்து, ஊர் இருளில் மூழ்கி, ஒரு குரல் உதவி கோரும் நாளில், அதைக் கேட்டறியப் பழகிய செவியொன்று எங்கேனும் விழித்திருத்தல் வேண்டும். அச்செவியைப் பழக்கி வைப்பதே இப்பொழுதுபோக்கின் பெரும் பயன்.