சிற்றலையில் வந்த சரித்திரம்

பருத்தியோடு நமக்கு நெருங்கிய உறவு உண்டு. அமராவதி நகரிலிருந்து உடுமலை வழியாகத் திருப்பூர் வரையிலும் பஞ்சு நூலாகிறது, நூல் துணியாகிறது, துணி பனியனாகிப் பல நாடுகளுக்கும் செல்கிறது. பஞ்சை நம்பியே இப்பகுதியின் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. பிள்ளைகளின் படிப்பு நடக்கிறது. இதே பருத்தியைக் கடல் கடந்த ஒரு நாட்டில் அடிமைகளாய் நின்று பறித்த மக்கள், உலகுக்கு ஓர் இசையை வழங்கினார்கள். அதுவே ஜாஸ் இசை.

ஜாஸ் என்றதும் விடுதியும் மதுவும் ஆட்டமும் நம் மனக்கண்முன் வருகின்றன. திரைப்படங்கள் அந்த எண்ணத்தை வளர்த்துவிட்டன. மகன் இப்படியோர் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தால், “என்னப்பா இந்த இரைச்சல்?” என்று தந்தை கடிந்துகொள்வதும் உண்டு. ஆனால், ஓர் இசையைப் பழிக்குமுன் அது பிறந்த கதையைக் கேட்க வேண்டாமா? அந்தக் கதையை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வானொலியில் பொறுமையுடன் சொல்லிவந்த ஒருவரை இங்கே அறிமுகம் செய்ய விரும்புகிறோம்.

வானொலியில் ஓர் ஆசான்

வில்லிஸ் கானோவர் 1920இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்தவர். 1955 ஜனவரியில் ‘அமெரிக்காவின் குரல்’ வானொலியில் அவருடைய ஜாஸ் நிகழ்ச்சி தொடங்கியது. வாரத்தில் ஆறு இரவுகள் அது ஒலித்தது. டியூக் எலிங்டன் குழுவினரின் புகழ்பெற்ற இசையொன்று முகப்பாக வரும். அதன்பின் கானோவரின் கனத்த குரல் கேட்கும். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்க்கும் விளங்கவேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, நிதானமாக உச்சரிப்பார். இன்ன இசைத்தட்டு, இன்னார் வாசித்தது, இன்ன ஆண்டில் பதிவானது என்று விளக்குவார். லூயிஸ் ஆம்ஸ்ட்ராங், எலிங்டன் போன்ற மேதைகளையே அழைத்துப் பேசவைப்பார்.

வியப்பு யாதெனில், உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் அறிந்த இவரை இவருடைய சொந்த நாட்டு மக்கள் அதிகம் அறியார்! அயல்நாடுகளுக்கென நடத்தப்படும் அரசு ஒலிபரப்பை உள்நாட்டில் பரப்பலாகாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. 1996 மே மாதத்தில் இறக்கும்வரை கானோவர் இப்பணியைக் கைவிடவில்லை.

சங்கிலியிலிருந்து சங்கீதம்

அந்த நிகழ்ச்சி சொன்ன வரலாறுதான் என்ன? அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஆர்லியன்ஸ், பிரெஞ்சுக்காரர் 1718இல் நிறுவிய கத்தோலிக்க நகரம். ஞாயிற்றுக்கிழமை அங்கே அடிமைகளுக்கும் ஓய்வுநாள். அன்று அவர்கள் ‘காங்கோ சதுக்கம்’ என்ற திடலில் கூடி, ஆப்பிரிக்கத் தாளத்தில் முரசறைந்து ஆடிப் பாடினார்கள். வயல்களிலோ, ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் தொடரும் வேலைப் பாட்டுகள் எழுந்தன. நம் நடவுப் பாட்டைக் கேட்டவர்க்கு இதன் உருவம் எளிதில் விளங்கும். 1865இல் அடிமைத்தளை அறுந்தது, அவமதிப்பு அறவில்லை. அந்த வேதனையும், ஆலயங்களில் பாடிய பக்திப் பாடல்களும், ஊர்வல வாத்தியங்களும் கலந்து ஜாஸ் பிறந்தது. ஆயினும் 1917இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு, கறுப்பின மக்கள் வாசித்ததன்று. வெள்ளையர் குழு ஒன்று வாசித்தது. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர்!

லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் கதையைப் பாருங்கள். வறுமையில் வளர்ந்த இச்சிறுவன், 1912ஆம் ஆண்டின் கடைசி இரவில் தெருவில் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டதற்காகச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். அங்கிருந்த வாத்தியக் குழுவில், ‘கார்னெட்’ என்னும் ஊதுகருவியை முறையாகப் பயின்றான். தண்டனையாக அமைந்த இடமே அவனுக்குக் கல்விக்கூடமாயிற்று. தாம் 1900 ஜூலை 4ஆம் நாள் பிறந்ததாகவே ஆம்ஸ்ட்ராங் சொல்லிவந்தார். அவர் மறைந்த பின்னர், நியூ ஆர்லியன்ஸ் திருஇருதய ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு உண்மையைக் காட்டியது: அவர் பிறந்தது 1901 ஆகஸ்ட் 4. நம் பங்குகளில் உறங்கும் பழைய ஏடுகளும் எத்தனை வரலாறுகளைக் காத்து வைத்திருக்கின்றனவோ!

இரும்புத் திரைக்கு அப்பால்

சோவியத் நாட்டில் ஜாஸ் ஐயத்துக்குரியதாய் இருந்த காலமும் உண்டு. இசைத்தட்டு கிடைக்காதவர்கள், மருத்துவமனை கழித்துவிட்ட எக்ஸ்ரே படலங்களில் இசையைப் பதித்துக் கேட்டார்கள். விலா எலும்பின் நிழல்மேல் ஊசி ஓடி இசை எழுப்பியது! ருஷ்ய மொழி ஒலிபரப்புகளை அரசு இரைச்சலால் மறித்தபோதும், கானோவரின் ஆங்கில நிகழ்ச்சி பெரும்பாலும் தப்பியது. 1959இல் அவர் போலந்து சென்றபோது, விமான நிலையத்தில் பெருங்கூட்டம் மலர்களுடன் காத்திருந்தது. யாரோ பெரிய மனிதரை வரவேற்கிறார்கள் போலும் என்று அவர் எண்ணினார்; வரவேற்பு அவருக்கேதான்.

நம் நாட்டில்

நம் மண்ணிலும் இந்த இசை வேர்விட்டது. 1935இல் லியோன் அபி என்பவரின் கறுப்பினக் கலைஞர் குழு பம்பாய் தாஜ் மகால் ஓட்டலில் வாசித்தது. அந்தப் புதிய இசையை விரைந்து கற்றுக்கொண்டவர்கள் கோவாவின் கத்தோலிக்க இளைஞர்கள். பங்குப் பள்ளிகளில் வயலினும் சுரக்குறிப்பும் பயின்றிருந்த அவர்களே பின்னர் இந்தித் திரையிசைக்கும் தோள்கொடுத்தனர். ‘சிக் சாக்லெட்’ என்று பெயர் பெற்ற அந்தோனியோ சேவியர் வாஸ் அவர்களுள் ஒருவர். 1958இல் ஜாஸ் கலைஞர் டேவ் புரூபெக் இந்தியா வந்தபோது, சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்க வித்தையை அறிந்து மகிழ்ந்தார். நாகசுரக் கலைஞரின் மகனான கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் கண்ட சாக்ஸபோனில் கர்நாடக இசையை வாசித்து, 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் புகழ்பெற்றார். 

பீடத்தின் முன்பும் இவ்விசை ஒலித்தது. 1957இல் கத்தோலிக்கத் திருமறையில் சேர்ந்த பியானோ மேதை மேரி லூ வில்லியம்ஸ் அமைத்த ஜாஸ் திருப்பலி இசை, 1975இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் முழங்கியது. திருப்பலிக்கு இசையமைத்த புரூபெக்கும் 1980இல் திருச்சபையில் சேர்ந்தார்.

நமக்கு ஒரு மணி நேரம்

சிற்றலையின் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. இன்று உலகின் எல்லா இசையும் கைப்பேசியில் அடங்கியிருக்கிறது. ஆயினும், அவரவர் காதில் அவரவர் கருவி; ஒருவர் கேட்பதை மற்றவர் அறியார். ஷிப்டு முடிந்து களைத்து வரும் தந்தைக்கும், பாடம் முடித்து அமரும் மகளுக்கும் இடையே பேச்சே குறைந்து வருகிறது.

வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோமே! பிள்ளை தனக்குப் பிடித்த இசையை வீட்டார் கேட்க ஒலிக்கட்டும். அதைப் பாடியவர் யார், எதற்காகப் பாடினார் என்று சொல்லட்டும். பின்பு பெற்றோர் தாம் இளமையில் விரும்பிய பாட்டை ஒலித்து அதன் கதையைச் சொல்லட்டும். எல்லா இசையும் எல்லார்க்கும் பிடித்தே ஆகவேண்டும் என்பதில்லை. கேட்டபின் வேண்டாமென்று சொல்வதில் குற்றமுமில்லை. கேளாமலே தள்ளுவதுதான், பாடியவரையும் அதை விரும்பும் பிள்ளையையும் ஒருங்கே தள்ளுவதாகும்.